முறைப்பாடு எழுதிக் கொடுத்த பிறகு: சுனாமி வீட்டுத் திட்டத்தில் நான் பட்ட பாடு

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிற தம்பி தங்கைமார் இப்போதும் இடைக்கிடை எனக்குப் போன் எடுப்பார்கள். "அக்கா, இங்க கணக்கில ஒரு விளையாட்டு நடக்குது. மேலிடத்துக்கு எழுதட்டா?" என்று கேட்பார்கள். எழுத வேண்டாம் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு அந்த நேரத்தில் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. போனில் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் மட்டக்களப்பு. 2004 டிசம்பர் 26 காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் டச்பாரிலும் நடந்ததை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த பணத்தைப் பற்றி. சுனாமிக்கென்று உலகம் முழுக்கச் சேர்ந்த உதவி 13 பில்லியன் டொலருக்கு மேல். பாதிக்கப்பட்ட ஆள் ஒருவருக்குச் சராசரியாக 7,000 டொலருக்கும் மேலே வருகிறது என்று உதவி நிறுவனங்களே கூடிச் செய்த மதிப்பீட்டில் பின்னால் எழுதினார்கள். அதே 2004 இல் பங்களாதேஷ் வெள்ளத்துக்கு ஆளுக்கு 3 டொலர்தான் கிடைத்தது என்றும் அதிலேயே இருந்தது. எங்கள் ஊரில் இந்தப் பணம் எப்படித் தெரிந்தது என்றால், ஒழுங்கை எல்லாம் வெள்ளை நிற லான்ட்குரூசர், எகிறிப்போன வீட்டு வாடகை, கடலுக்கே போகாத ஆளின் வளவில் ஒரு பைபர் படகு. எல்லாருக்கும் செலவழிக்க அவசரம். பணம் கொடுத்த நாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை போக வேண்டும், அதில் கட்டி முடித்த வீட்டின் எண்ணிக்கை ஏற வேண்டும். அந்த அவசரத்துக்குள்தான் களவும் ஒளிந்திருந்தது.

2005 நடுப்பகுதியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கணக்கு உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஐரோப்பிய அரசாங்கம் ஒன்றிடம் பணம் வாங்கி, இங்குள்ள உள்ளூர் அமைப்பொன்றின் மூலமாக முதலில் தற்காலிகக் கொட்டில்களும், அப்புறம் நிரந்தர வீடுகளும் கட்டிக் கொடுத்தது அந்த நிறுவனம். எனக்குச் சம்பளம் 38,000 ரூபா. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்த என் சிநேகிதி எடுத்ததை விட இரண்டு மடங்குக்கு மேல். அப்பா இல்லாத வீடு, அம்மாவுக்கு மாத மருந்து, தம்பி கம்பஸில். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக் கூரையைத் திருத்தக் கடன் எடுத்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முறைப்பாடு எழுதுகிற ஆளுக்குத் தன் வீட்டுக் கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது கூரைத் தகரத்துக்கு வாங்கியிருந்த மூன்று கொட்டேஷன்கள். மூன்று கடைகள், மூன்று கடிதத் தலைப்பு, மூன்று முத்திரை. ஆனால் 'கல்வனைஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விடுபட்டிருந்தது. இரண்டில் பெக்ஸ் நம்பரும் ஒன்றுதான். சரி, ஒரே ஆள் டைப் பண்ணிக் கொடுத்திருப்பார், ஊரில் அது நடக்கிறதுதான் என்று விட்டுவிடலாம். ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த அண்ணன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், இந்தத் தகரத்தைக் கையால வளைச்சுப் பாருங்க" என்றார். வளைந்தது. சொந்தக்காரப் பையன் ஒருவன் தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்தான், அவனிடம் மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தோம். ஓடரில் இருந்தது 0.47 மில்லிமீட்டர். வந்திருந்தது 0.35. பொருள் பெற்ற பத்திரத்தில் '0.47, நல்ல நிலை' என்று கையெழுத்து விழுந்திருந்தது. அந்தக் கையெழுத்து ஸ்டோர் அண்ணனுடையது அல்ல, திட்ட இணைப்பாளருடையது.

அதற்குப் பிறகுதான் பயனாளிகள் பட்டியலை எடுத்து வைத்தேன். இலங்கையில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனித்து வையுங்கள், இன்றைக்கும் பழைய கோப்புகளைச் சரிபார்க்க உதவும். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே ஆணுக்கு அந்த மூன்று எண் 366ஐத் தாண்டாது, பெண்ணுக்கு 501க்குக் கீழே போகாது, 866க்கு மேலேயும் போகாது. எங்கள் பட்டியலில் ஒரு அம்மாவின் பெயருக்கு நேரே 214 இருந்தது. இன்னொரு பெயருக்கு நேரே 412. ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, அப்படி ஒரு பிறந்த நாளே கிடையாது! இரவில் வீட்டில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அடிக்கோல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிழையான இலக்கங்கள் எல்லாம் இரண்டு கிராமத்துக்குள்தான் இருந்தன. டைப் பண்ணியதில் வந்த தவறு என்றால் எல்லா ஊரிலும் பரவலாக இருந்திருக்கும். இல்லாத ஆட்களுக்கு வீட்டுக் காசின் முதல் கட்டம் போயிருந்தது. தகரமும் கொட்டேஷனும் சேர்த்து என் கணக்கில் 90 இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட வந்தது.

இணைப்பாளரிடம்தான் முதலில் கேட்டேன். "மிஸ், உங்கட வேலை வவுச்சர் பாஸ் பண்ணுறது. லிஸ்ட் பார்க்கிறது களப் பிரிவு" என்றார். கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டு. 2006 பெப்ரவரியில் கொழும்பில் இருந்த நாட்டுப் பணிப்பாளருக்கு எழுதினேன். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். அடுத்த நாளே பதில் போட்டார், மிகவும் பாரதூரமான விடயம், எழுதியதற்கு நன்றி, உடனே பார்க்கிறோம் என்று. அந்த ஈமெயிலைப் படித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு மாதக்கணக்காக ஒரு சொல் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். நீங்கள் கொடுக்கிற முறைப்பாட்டைக் கடைசியாக வாசித்து முடிவெடுக்கிற ஆள், இன்றைக்கு உங்களுக்கு நன்றி சொல்கிற ஆளாக இருக்க மாட்டார். அந்தப் பணிப்பாளர் சில மாதத்தில் ஆபிரிக்காவுக்கு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர், அவருக்கும் பின் வந்தவர், ஐரோப்பாவில் கோப்பைக் கையிலெடுத்த கணக்காய்வுப் பிரிவு, அவர்கள் கூலிக்குப் பிடித்த விசாரணைக் கம்பெனி என்று கோப்பு கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு புது ஆளும் பூச்சியத்திலிருந்து தொடங்கினார். மட்டக்களப்பு எங்கே இருக்கிறது, கிராம சேவகர் என்றால் யார், அடையாள அட்டை இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாத ஆள் வாசித்தாலும் விளங்குகிற மாதிரி எழுத வேண்டும். நான் தப்பியது ஒரு சீஆர் கொப்பியால், தடித்த மட்டை போட்ட எழுதுகொப்பி அது. அப்பா தபாலதிபராக இருந்தவர், எதை எழுதினாலும் திகதியும் இலக்கமும் போடச் சொல்லி வளர்த்தார். வவுச்சர் இலக்கம், காசோலை இலக்கம், பொருள் பெற்ற திகதி, லொறி நம்பர் எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. நான் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், மற்றவர் சொன்னது ஒரு பக்கம், நானாக ஊகித்தது ஒரு பக்கம் என்று பிரித்து எழுதியிருந்தேன். பின்னாளில் வந்த ஒரு விசாரணையாளர், இந்த மூன்றும் கலந்து கிடக்கும் முறைப்பாடுகள்தான் அதிகமாகத் தூங்குகின்றன என்றார். ஊகத்தில் ஒன்று பிழைத்தால் மற்ற எல்லாவற்றையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்களாம்.

மூல ஆவணங்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். களவு பிடிக்கப் போன ஆள் மேலேயே ஆவணத் திருட்டு என்று வழக்குப் போடலாம். பயனாளிகளின் விவரம் வெளியே போனால் அது அவர்களுக்கும் ஆபத்து, எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் உண்மையிலேயே உயிராபத்து. இலக்கத்தைக் குறித்து வைத்தால் போதும், அதை வைத்து விசாரிக்கிறவர் மூலத்தைக் கேட்டு வாங்கலாம். இலக்கம் இருக்கிறது, ஆவணம் காணாமல் போயிருக்கிறது என்றால் அதுவே ஒரு சாட்சி. இன்னொன்று, முறைப்பாடு கிடைத்தது என்று வருகிற பதிலை உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். என் ஒப்பந்தம் 2006 ஜூனோடு முடிந்தது. 'நிதிக் குறைவு' காரணமாம். என்னோடு சேர்ந்த மற்ற இரண்டு பேருக்கும் புதுப்பித்தார்கள். அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே அலுவலக ஈமெயில் பூட்டப்பட்டுவிட்டது. பணிப்பாளரின் அந்த ஒற்றைப் பதில் என் யாஹூவில் இல்லாதிருந்தால், நான் முறைப்பாடு கொடுத்தேன் என்பதையே பின்னால் நிரூபித்திருக்க முடியாது. பின்னால் விசாரிக்க வந்தவர்களின் முதல் கேள்வியே, வேலை போன கோபத்தில் எழுதியதா என்பதுதான். திகதி காப்பாற்றியது.

யாரையும் வேலையிலிருந்து தூக்க வேண்டிய தேவையே இந்தத் துறையில் இல்லை, கவனியுங்கள். எல்லாரும் ஆறு மாத, ஒரு வருட ஒப்பந்தத்தில்தான் இருக்கிறோம். பேசாமல் இருந்துவிட்டால் தானாகவே வேலை போய்விடும். ஆகவே முறைப்பாடு எழுதும் முன்னம் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். எழுதுகிறபோதே, இதனால் என் ஒப்பந்தத்துக்குப் பாதிப்பு வராது என்று எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள், ஆனால் கேட்டது பதிவில் இருக்கும். புதுப்பிக்காவிட்டால் தொழில் நியாய சபைக்குப் போக ஒரு கால எல்லை உண்டு, அது மாதக்கணக்கில்தான். விசாரணை முடியட்டும் என்று நான் காத்திருக்க அந்தக் கால எல்லை ஓடிப்போனது. விசாரணை முடிந்தாலும் முடியாவிட்டாலும் உங்கள் தொழில் உரிமையை அது பாட்டுக்குத் தனியாகப் பாருங்கள்.

பிறகு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் வருத்துவது. கொழும்பு அலுவலகம் விசாரணை தொடங்கியதோ இல்லையோ, அந்த இரண்டு கிராமத்துக்கும் வீட்டுக் காசின் அடுத்த கட்டத்தை நிறுத்தியது. பொய்ப் பெயருக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். லிண்டல் மட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேல் வரைக்கும் சுவர் எழும்பி நின்ற வீடுகள் அப்படியே நின்றன. மழைக்கு முன்னம் கூரை போட்டுவிடலாம் என்று தற்காலிகக் கொட்டிலைப் பிரித்து மரத்தை எடுத்த குடும்பங்கள் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் படுத்தன. யார் எழுதிக் கொடுத்தது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குச் சொன்னது யார் என்று எனக்கும் தெரியும். சந்தையில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "நீ நல்லது செய்யப் போனாய் மகள், எங்கட வீட்டை ஏன் நிப்பாட்டினாய்?" என்று கேட்டா. அந்த அம்மா கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவ. நான் என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து அழுதேன். முறைப்பாட்டில் ஒரு பந்தி இதற்காகவே எழுதுங்கள்: சந்தேகத்துக்குரிய பெயர்கள் இவை, மற்றக் குடும்பங்களின் கொடுப்பனவை நிறுத்தாமல் கச்சேரி அல்லது வேறொரு நிறுவனத்தின் மேற்பார்வையில் தொடரச் சொல்லிக் கேட்கிறேன் என்று. பணத்தைப் பாதுகாப்பது அவர்களுக்கு எளிது, ஒரு கையெழுத்தில் நிறுத்திவிடலாம். நிறுத்தியதால் பாதிக்கப்படுகிறவனைப் பற்றி யோசிக்க அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை.

இதற்கிடையில் யுத்தம் திரும்ப வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் அவர்களுடைய அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து யார் மட்டக்களப்புக்கு வந்து தகரத்தை அளக்கப் போகிறார்கள்? விசாரணைக் குழு கொழும்பு வரைக்கும்தான் வந்தது. என்னைக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள், 2007 ஜூன் மாதம். போய் வருவது என்றால் இரவு பஸ், புனானை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறுவது, கொழும்பில் லொட்ஜில் பொலிஸ் பதிவு. அந்த ஜூன் 7 ஆம் திகதிதான் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முன்னூறுக்கு மேற்பட்ட தமிழரை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது என்றாலும், அம்மா என்னைப் போக விடவில்லை. "சாட்சி ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதப் போனார்களாம். போகாததன் காரணத்தைப் பத்திரிகைத் துணுக்கோடு நான் ஈமெயிலில் அனுப்பியிருந்ததால் எழுதவில்லை. பிறகு வேறொரு திகதியில் போனேன். பஸ் செலவு, தங்குமிடம் எல்லாம் என் கையால். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கலாம் என்று அங்கே போன பிறகுதான் தெரியவந்தது.

விசாரணை செய்தவர் ஓய்வுபெற்ற வெளிநாட்டுப் பொலிஸ் அதிகாரி. மரியாதையாகக் கேட்டார், அடையாள அட்டைக் கணக்கைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் மொழிபெயர்க்க அவர்கள் கொண்டுவந்திருந்தது அதே நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துப் பெண். நான் ஆங்கிலத்திலேயே சொல்கிறேன் என்றேன். உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டால், வெளியிலிருந்து ஒருவரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாக்குமூலத்தை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். என் வாக்குமூலத்தில் 'இணைப்பாளர் கையெழுத்து வைத்தார்' என்பது 'கையெழுத்து வைத்திருக்கலாம்' என்று மாறியிருந்தது. திருத்தினேன். அந்த விசாரணையாளரும் அடுத்த வருடம் தன் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்.

ஏன் இவ்வளவு இழுபடுகிறது என்று அந்தக் காலம் முழுக்க யோசித்திருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை. பணம் கொடுத்த அரசாங்கம் நிறுவனத்தைப் பார்க்கிறது, நிறுவனம் உள்ளூர் அமைப்பைப் பார்க்கிறது, உள்ளூர் அமைப்பு கொந்தராத்துக்காரரைக் காட்டுகிறது. ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி, அள்ள எல்லாரும் வருவார்கள், தூர் வார ஆள் இல்லை. விசாரணை முடிந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடம் நிறுவனம். அந்த நிறுவனமேதான் விசாரணையை நடத்துவதும். முடியாமல் இருப்பதில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. ஈராக்கில் எண்ணெய் விற்ற காசில் மக்களுக்கு உணவும் மருந்தும் வாங்க ஐக்கிய நாடுகள் நடத்திய எண்ணெய்க்கு உணவு திட்டம் 1996 டிசம்பரில் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டளவிலிருந்து சதாம் ஹுசைனின் அரசாங்கம் சாமான் விற்கிற கம்பெனிகளிடம் பத்து வீதம் தரகு கறந்தது. போல் வோல்க்கர் தலைமையில் சுயாதீனக் குழு அமைந்தது 2004 இல்தான், திட்டமே முடிந்த பிறகு. 2,200க்கு மேற்பட்ட கம்பெனிகள் சம்பந்தப்பட்டிருந்தன என்று 2005 ஒக்டோபரில் அறிக்கை வந்தது. ஐக்கிய நாடுகளின் உள்ளகக் கணக்காய்வாளர்கள் அதற்கு முன்னமே ஐம்பதுக்கு மேற்பட்ட அறிக்கைகள் எழுதியிருந்தார்கள், வோல்க்கர் குழு வெளியிடும் வரைக்கும் அவை வெளியே வரவில்லை. மேற்கு ஆபிரிக்காவில் 2014 இல் தொடங்கிய எபோலாப் பணியில் 6 மில்லியன் டொலருக்கு மேல் மோசடியில் போனது என்று செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனம் ஒத்துக்கொண்டது 2017 இல். எங்கள் நாட்டிலேயே, அம்பாந்தோட்டைக்கென்று வந்த சுனாமிப் பணம் 82 மில்லியன் ரூபா தனிக் கணக்குக்குப் போனது என்று 2005 இல் பத்திரிகையில் வந்தது. பொலிஸ் விசாரணை தொடங்கியது, 2006 இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. சுனாமி வந்து ஐந்து வருடம் கழித்து, 2009 டிசம்பரில், சுனாமிப் பணத்தில் அரை பில்லியன் டொலருக்குக் கிட்டக் கணக்கில்லை என்று ஊழலுக்கு எதிரான அமைப்பான ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனலின் இலங்கைக் கிளை சொல்லிக்கொண்டிருந்தது. வேகமாக நடந்த ஒன்றும் எனக்குத் தெரியும்: 2006 மார்ச்சில் இந்தோனேசியாவின் அச்சேயில் சுனாமிக் கணக்கில் சந்தேகம் வந்ததும் ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் அந்தப் பகுதி வேலையைத் தானே நிறுத்தி, தானே வெளியே சொன்னது. அதைப் பேப்பரில் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

எங்கள் விசாரணை அசைந்தது ஒரே ஒரு காரியத்தால். பணம் கொடுத்த அரசாங்கத்துக்கு நேரே எழுதினேன். கணக்குப் பிரிவில் இருந்ததால் மானிய ஒப்பந்தத்தை நான் வாசித்திருந்தேன். மோசடிச் சந்தேகம் வந்தால் நிறுவனம் உடனடியாகக் கொடையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. அறிவித்திருக்கவில்லை. களவைப் பற்றி எழுதியபோது ஒருவரும் அசையவில்லை, 'இந்த வாசகத்தின்படி உங்களுக்கு அறிவித்தார்களா?' என்று ஒரு வரி எழுதியதும் இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது. கொடையாளருக்குத் தன் பணம், தன் பாராளுமன்றம், தன் கணக்காய்வாளர் என்று பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தொடுகிற மாதிரி எழுதுங்கள். இன்றைக்குப் பெரிய கொடையாளர்கள் பலரிடமும் மோசடி முறைப்பாட்டுக்கென்று தனி ஈமெயில் இருக்கிறது. வழக்கு இலக்கம் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஆளின் பெயருக்கு எழுதாமல் பிரிவின் பெயருக்கு எழுதுங்கள், ஆள் போனாலும் பிரிவு இருக்கும்.

இலங்கையில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அந்த நேரத்துச் சட்டம் பெரும்பாலும் அரச ஊழியரைத்தான் பார்த்தது. எங்கள் இணைப்பாளர் அரச ஊழியரும் இல்லை, கொந்தராத்துக்காரர் அரச கொந்தராத்து செய்யவும் இல்லை. பொலிஸுக்குப் போகலாம், ஆனால் 2007 மட்டக்களப்பில் பொலிஸுக்குப் போய் ஒருவரின் பெயரைக் கொடுப்பதன் அர்த்தம் வேறு. எனக்கு அந்த மனுஷன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைச் செய்ய மனம் வரவில்லை.

2009 முடிகிற நேரத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. குற்றச்சாட்டுகளில் சில நிரூபணமாகின, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது, இரகசியத்தன்மை கருதி விவரம் தர முடியாது. அவ்வளவுதான். இணைப்பாளர் அப்போது வவுனியாவில், மெனிக் பாம் அகதி முகாம்களில் வேலை செய்த இன்னொரு நிறுவனத்தில், இதைவிடப் பெரிய பதவியில் இருந்தார். பாலியல் குற்றம் செய்தவர்களைப் பற்றி உதவி நிறுவனங்கள் தமக்குள் தகவல் பரிமாறும் ஏற்பாடு 2019 இல் வந்திருக்கிறது. பணம் தின்றவரைப் பற்றி அப்படிப் பரிமாறுவதை நான் பார்க்கவில்லை. அறிக்கையைக் காட்டுங்கள் என்று நானும் எழுதிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. முறைப்பாட்டாளர் அவர்களுக்கு ஒரு சாட்சி மட்டும்தான். கேட்டால் பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. கோப்பு மூடப்பட்டதா? கொடையாளருக்குப் பணம் திருப்பிச் செலுத்தப்பட்டதா? நிறுத்திய வீடுகளுக்கு என்ன வழி? நான் கடைசியாகக் கேட்டது இவற்றைத்தான். இரண்டாவது கேள்விக்கு 'ஆம், ஒரு பகுதி' என்று வந்தது. மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. அந்த வீடுகளில் பலவற்றை வேறொரு நிறுவனம் பிறகு வந்து முடித்துக் கொடுத்தது, சிலவற்றை ஆட்களே கடன் வாங்கி முடித்தார்கள்.

எனக்குப் போனது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: அடுத்த வேலை ஒரு வன்பொருள் கடையில் கணக்கெழுதுவது, மாதம் 12,000 ரூபா. தொண்டு நிறுவனங்களில் நேர்முகத்துக்குப் போனால் பழைய இடத்துக்குப் போன் போகும், பிறகு பதில் வராது. நாலு பவுண் சங்கிலி அடகுக்குப் போய் ஏலத்தில் போனது. கூரைக் கடன் வட்டியோடு வளர்ந்து தம்பி உழைக்கத் தொடங்கிய பிறகுதான் அடைபட்டது. சம்பள வித்தியாசத்தை மட்டும் கூட்டினாலே பத்து இலட்சத்தைத் தாண்டும், மற்றதைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனமில்லை. ஸ்டோர் அண்ணன் வாய் திறக்காமல் இருந்து ஓய்வு பெற்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள் அவருக்கு.

இப்போது நிலைமை அன்றைக்கு இருந்ததை விடக் கொஞ்சம் பரவாயில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், வெளிநாட்டு அரசாங்கத்தின் அல்லது சர்வதேச அமைப்பின் பணத்தில் பெருமளவு இயங்கிப் பொதுச்சேவை செய்கிற அரச சார்பற்ற நிறுவனங்களையும் அந்தச் சேவை சம்பந்தமான தகவல் அளவில் உள்ளடக்குகிறது. எத்தனை வீடு, எந்தக் கிராமம், எந்தக் கொந்தராத்துக்காரர் என்று வெளியிலிருந்தே கேட்கலாம், உள்ளே இருக்கிறவர் பெயர் வெளிவராது. முதலில் ஊரில் ஒருவரை அந்த விண்ணப்பத்தைப் போட வைத்துவிட்டுப் பிறகு உங்கள் முறைப்பாட்டை எழுதுவது புத்தி. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது, தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பும் சொல்கிறது. நடைமுறையில் எப்படி என்பதை அதன்படி போய் வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். போன் எடுக்கிற தங்கைமாரிடம் நான் முதலில் கேட்பது ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்பதை. அடுத்தது, வங்கியில் எத்தனை மாதச் செலவுக்குக் காசு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வவுச்சர் இலக்கத்தைச் சொல்லச் சொல்கிறேன்.